தமிழ்நிலா ஆதரித்துப் பேசினாள்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் குழுச் செயல்பாடு. பிறக்கப்போகும் குழந்தையின் மரபணுவைத் திருத்துவது சரியா, தப்பா என்று குழுவுக்குள்ளேயே இரண்டு பக்கமும் வாதாட வேண்டும். சகாயநாதன் சார் சீட்டுக் குலுக்கினார். தமிழ்நிலாவுக்குச் ‘சரி’ வந்தது, கௌதமனுக்குத் ‘தப்பு’. நன்றாக வாதாடும் குழு பிப்ரவரியில் விழுப்புரத்துக்கு மாவட்டப் போட்டிக்குப் போகும்.

தமிழ்நிலா திங்கட்கிழமையிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குப் போக வேண்டும். அங்கே வேலை செய்யும் அவள் அம்மா ராசம்மாளுக்குக் குதிகால் புண் ஆறவில்லை. ஒரு வாரம் ஆள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். வீட்டிலிருந்து ஒருத்தர் வந்து நின்றால் போடமாட்டார். வீட்டில் இன்னொருத்தர் தமிழ்நிலாதான். மேஸ்திரி சக்கரபாணி, கௌதமனின் அப்பா.

“கொழந்தைய கேக்காம அதோட உடம்ப மாத்தறது அநியாயம்” என்று ஆரம்பித்தான் கௌதமன்.

“என்னையும் யாரும் கேக்கல. திங்கக்கெழமை அளத்துக்கு வான்னுட்டாங்க” என்றாள் தமிழ்நிலா.

வகுப்பு சிரித்தது. “தலைப்புக்கு வாம்மா” என்றார் சார்.

“வர்றேன் சார். உப்புத்தண்ணியில நின்னாலும் வெடிக்காத தோலோட ஒரு கொழந்த பொறக்குதுன்னு வெச்சுக்குங்க. அதுக்குக் கால்ல புண்ணு வராது. நல்லதுதானே?”

“அதுக்கு எதுக்கு ஜீனை நோண்டணும்? பூட்ஸ் போட்டுக்கச் சொல்லு” என்றான் கௌதமன்.

“போன வருஷம் அதிகாரிங்க வந்து குடுத்தாங்க. போட்டோ எடுத்தாங்க. மறுநாளே உங்கப்பா கழட்டச் சொல்லிட்டாரு.”

கௌதமனுக்கு ரோஷம் வந்தது. “தெரியாம பேசாத. உப்புப் பாத்தித் தரைய வெறுங்காலால மிதிச்சு மிதிச்சுத்தான் கெட்டியாக்கறாங்க. பூட்ஸ் போட்டு நடந்தா பள்ளம் விழும். சேறு கெளம்பி உப்பு கறுத்துடும். வியாபாரி தொடமாட்டான்.”

“தரைய மாத்த முடியாதா?”

“முடியாது.”

“உப்ப?”

“அத எப்படி மாத்தறது?”

“அப்ப மிச்சம் காலுதான் இருக்குது.”

பின்பெஞ்சிலிருந்து ஜெனிஷ் கௌதமனைப் பார்த்துக் கத்தினான்: “டேய், நீ எந்தப் பக்கம்டா?”

சார் தமிழ்நிலாவைப் பார்த்தார். “அந்தக் கொழந்த வளந்து என்ன வேலைக்குப் போகும்?”

“அளத்துக்குத்தான் சார். அதுக்கப்புறம் எங்கள மாதிரி காலுக்கு அங்க வேலை கெடைக்காது.”

“அப்படின்னா நீ எதிர்த்துல்ல பேசற?”

“ஆமா சார். ஆனா சீட்டுல ‘சரி’ன்னுதான் வந்துச்சு.”

சார் பத்துக்குப் பத்து போட்டு, இவர்கள் குழுவையே விழுப்புரத்துக்கு எழுதிக்கொண்டார்.

இடைவேளையில் கௌதமன் வந்தான். “அங்க போயி என்ன பேசலாம்?”

“நான் வரல. திங்கக்கெழமையிலேருந்து உங்கப்பாகிட்டதான் நிப்பேன்.”

மறுநாள் காலை கௌதமன் பிரேயருக்கு முன்னாலேயே வந்து அவள் பெஞ்சுப் பக்கம் நின்றான்.

“அப்பாகிட்ட சொன்னேன். உங்கம்மாவ மூட்ட வாய் தைக்கற எடத்துல போடறாராம். ஒக்காந்த வேலை. கொட்டாய்க்குள்ள.”

“எத்தினி நாளைக்கு?”

“நாம விழுப்புரம் போயிட்டு வர்ற வரைக்கும்.”

“பரீட்ச மார்ச்சுலடா. அப்ப நான் அளத்துல நிக்கணுமா?”

“அதையும் கேட்டேன். நான் ஜெயிச்சு சர்டிபிகேட் வாங்கினு வந்தா பாக்கலாம்னாரு.”

தமிழ்நிலா பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

“ஒக்காரு” என்றாள். “ஜெயிச்சுத்தான் ஆவணும்.”