பதினோரு அடி

வக்கீல் வெங்கடபதி போன் செய்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து வலது தொடையை நீவிக்கொண்டிருந்தேன். மதுக்கரை ரோட்டில் என் பைக்கை லாரி இடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. தொடைக்குள் பிளேட், கையில் ஊன்றுகோல். லேத் பட்டறையில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்தவன், இப்போது பல் துலக்கி முடிப்பதற்குள் சுவரைத் தேடுகிறேன். நஷ்டஈட்டு வழக்கு வியாழக்கிழமை வருகிறது. ஜெயித்தால்தான் இரண்டாவது ஆபரேஷன், இல்லாவிட்டால் இந்த நாற்காலிதான்.

"கதிரேசன், தலையில தட்டு வெச்சுட்டு ஜம்முனு நடக்கறீங்களாமா? இன்சூரன்ஸ் வக்கீலு வீடியோவக் கோர்ட்டுல குடுத்துப்போட்டாருங்க."

போன மாதம் வெள்ளகோவிலில் என் தங்கை இளவேனிலின் மகளுக்குக் காதுகுத்து. சீர்த்தட்டைத் தாய்மாமன்தான் சுமக்க வேண்டும். அடுத்தவன் தலையில் ஏற்றிவிட்டு நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனால் தங்கச்சி புகுந்த வீட்டுச் சனம் என்ன பேசும் என்று எனக்கு ஒரே உறுத்தல். ஒரு மண்ணும் பேசியிருக்க மாட்டார்கள், அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு வீம்பு. ஊன்றுகோலைக் காருக்குள் போட்டுவிட்டுக் கோயில் வாசலிலிருந்து தட்டோடு நடந்தேன். இளவேனில் அதற்குப் பாட்டுச் சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, என் பெயரையும் டேக் செய்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். 'எங்க அண்ணன் நடந்துட்டான். இது போதும்' என்று மேலே எழுத்து வேறு.

அழித்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம், மறைக்கிறோம் என்று அதையும் பிடித்துக்கொள்வார்கள் என்றார் வக்கீல். "அதுக்கப்பறம் நடந்தது எதாச்சும் படத்துல இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஏன் இல்லை என்பது எனக்கும் இளவேனிலுக்கும்தான் தெரியும். பதினோரு அடி நடந்தேன். பன்னிரண்டாவதில் கால் மடங்கிக் கோயில் மண்டப வாசலில் விழுந்தேன். தேங்காயும் வளையலும் சிதற, அத்தனை பேர் முன்னால் குழந்தை மாதிரி கதறினேன். நாலு பேர் தூக்கிப் போய் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் இளவேனிலிடம் நான் பேசிய முதல் பேச்சே, விழுந்ததை அழித்துவிடு, ஒருத்தர் கண்ணிலும் படக் கூடாது என்பதுதான். சொன்னதைத்தான் அவள் செய்தாள்.

இரண்டு நாளாக வீட்டுக்குள் இருப்பே கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் தொடை விண்விண்ணென்றது. போனை எடுத்து எடுத்து அந்த வீடியோவையே பார்த்தேன். நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். எனக்கே அதில் இருப்பவன் நல்ல திடகாத்திரமான ஆளாகத் தெரிந்தான். நீதிபதிக்கு மட்டும் வேறு மாதிரியா தெரியப்போகிறது? இளவேனிலின் போனை நான் எடுக்கவே இல்லை.

புதன்கிழமை காலையில் வெள்ளகோவிலில் பஸ் ஏறி, உக்கடத்தில் மாறி, அவளே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"வக்கீலு எனக்கும் போன் பண்ணிச் சொன்னாருங்க. விழுந்தத நா அழிக்கலீங்ண்ணா. அழிச்சுட்டேன்னு உங்க கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. ஏன் வைத்திருந்தாய், பார்த்துச் சிரிக்கவா என்று கத்தினேன். அவள் போனை என் மடியில் வைத்தாள்.

பார்த்தேன். தட்டு முதலில் சாய்ந்தது, அப்புறம் நான். தரையில் கிடந்துகொண்டு கத்துகிறேன். அம்மா என்று கத்தியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இளா, இளா என்று கத்துகிறேன். படம் அங்கே ஆட்டம் கண்டு வானத்தைக் காட்டியது. அவள் ஓடி வந்திருக்கிறாள்.

"சின்னதுல நீங்க என்னயக் கூப்புட்ட பேரு" என்றாள். "அதான் அழிக்க மனசு வல்லீங்ண்ணா."

நாளைக்குக் கோர்ட் அறையில் யார் யாரோ உட்கார்ந்து இதைப் பார்ப்பார்கள். லாரி முதலாளியும் பார்ப்பான்.

"வக்கீலுக்கு அனுப்பிரு" என்றேன்.

"சத்தத்த எடுத்துப்போட்டு அனுப்பட்டுங்ளா?"

"வேண்டா கண்ணு. சத்தத்தோடயே அனுப்பு."

அவள் கையை நீட்டுவதற்குள் மடியிலிருந்த வீடியோ தானாகவே மறுபடி ஆரம்பித்துவிட்டது. கோயில் வாசலில் மேளம் தொடங்கியது. நான் தட்டைத் தலைமேல் நேராக்கிக்கொண்டு முதல் அடியை எடுத்து வைத்தேன்.