வங்காளத்துக்கு ஒரு ஆமென்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு பிரியாணிப் பொட்டலம். வடக்கே ஒரு திரைப்படக் கல்லூரியில் படிக்கும் வங்காளத்துப் பையன், பட்டம் வாங்குவதற்கான படத்தை எடுக்க எங்கள் ஊரான கொட்டாரத்துக்கு வந்திருந்தான். படம் முழுக்க வங்காள மொழியில். மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன். எனக்குத் துணை இயக்குநர் என்று பட்டம் கட்டினார்கள். வேலை, இயக்குநருக்குக் குடை பிடிப்பது. குடைக்குள் வந்ததுமே பையன் ‘அவர்’ ஆகிவிட்டார்.

முதல் வாக்கியத்தை இப்படி எழுதியிருந்தேன்: முக்கடலும் சங்கமிக்கும் அந்த ஆதி மௌனத்தில், மொழியற்ற ஒரு

(நிறுத்திவிட்டேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கடலே தெரியாது. இது இயக்குநரிடமிருந்து தொற்றிய வியாதி.)

2

நாயகன் வேண்டும். குடைக்காரனை யார் மதிப்பார்கள்? ஆகவே எபிசன். மைக் கட்டிய நீளக் கம்பை, படத்துக்குள் தெரியாமல் நடிகர் தலைக்கு மேல் பிடிப்பவன். படம் ஒழுங்காக முடிந்தால், கொச்சியில் நண்பனுடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்துவிடுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் சித்தப்பா வளைகுடாவில் தயாராக வைத்திருக்கும் தமாம் விசா. எபிசனுக்கு அந்த விசாவை நினைத்தாலே சோறு இறங்காது.

(அவன் இவ்வளவு பாவமா என்று எனக்கே சந்தேகம். கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறேன்.)

3

கடைசிக் காட்சி. படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுத்த ராஜபாய் அக்காவின் முன்னறையில் சவப்பெட்டி. உள்ளே அவர் கணவர் ரசலையன் அண்ணன், செத்துப்போன அப்பாவாக, மூச்சை அடக்கிக்கொண்டு. சுற்றிலும் அக்கம்பக்கத்தார், துக்கக்காரர்களாக. மகனாக வரும் நடிகர் பெட்டியின் தலைமாட்டில் நின்று கண்ணை மூடி, கடவுள் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று நீளமாகப் பேச வேண்டும். அர்த்தம் எனக்கு மட்டும் சொல்லப்பட்டிருந்தது. சாயங்கால ரயிலில் கேமரா திரும்பியாக வேண்டும்.

“மௌனத்தின் இலக்கணத்தைக் குலைக்கப் போகிறோம்” என்று இயக்குநர் ஆங்கிலத்தில் அறிவித்தார். “யாரும் சத்தம் காட்டாதீங்க” என்று மொழிபெயர்த்தேன்.

நடிகர் தொடங்கினார். குரல் தழுதழுத்தது. ராஜபாய் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடினார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். எபிசனும் கண்ணை மூடித் தலை தாழ்த்தினான். தலையோடு கம்பும் தாழ்ந்தது. நாத்திகரின் மூக்குக்கு நேரே மைக் தொங்கியது. பேச்சு முடிந்ததும் வீடே சேர்ந்து சொன்னது: “ஆமென்.”

பெட்டிக்குள்ளிருந்தும் ஒரு குரல் வந்தது.*

(* ரசலையன் அண்ணன் இதை இன்றுவரை மறுக்கிறார்.)

4

முடிவு அ: எபிசன் விமானம் ஏறுகிறான். எழுதிப் பார்த்தேன். அவன் அம்மா அழத் தொடங்கியதும் கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: நடந்தது. இயக்குநர் முகம் வெளுத்து, இது என்ன என்று கேட்டார். எபிசன் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்காதான் என்னிடம் சொன்னார்:

“பெட்டிக்குப் பக்கத்துல நின்னு, கண்ண மூடிட்டு இவ்வளவு நேரம் பேசினா, பின்ன அது ஜெபம் இல்லாம என்னவாக்கும் மக்கா? அந்தப் பிள்ளயக் கண்ணத் தொறந்துட்டுப் பேசச் சொல்லு.”

வேறு வழியில்லாமல் இயக்குநர் ஒத்துக்கொண்டார். நடிகர் கண்ணைத் திறந்தார். பெட்டியில் கிடந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பிரசங்கம் செய்ய அவருக்கு வாய் வரவில்லை. பாதியை விழுங்கினார். யாரும் குனியவில்லை. ஒரு வார்த்தை புரியாமலே எல்லோரும் அழுதார்கள். கம்பு அசையவில்லை.

ரயில் போன பிறகு, “ஏலே, கை மரத்துப் போச்சு” என்று சிரித்தான் எபிசன். 

5

பையனுக்குப் பட்டம் கிடைத்தது. எபிசன் கொச்சியில் இருக்கிறான். திறந்த கண்கள் தன் மூன்றாண்டுத் தவத்தின் பலன் என்று இயக்குநர் பேட்டி கொடுத்திருக்கிறார். ராஜபாய் அக்கா வீட்டுக்குப் போய் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“நெறய யோசிச்சிருப்பான், பாவம்” என்றார்.

இந்தப் படப்பிடிப்பில் நான் கற்ற பாடம் என்னவென்றால், புரியாத மொழியில் ஒருவர் உருகும்போது

(விடுங்கள். அக்கா வேறொன்று கேட்டுவிட்டார்.)

“அது கிடக்கட்டு மக்கா. மொதத் தடவ அந்தப் பிள்ள என்னதான் பேசினான்? நாங்க எதுக்கு ஆமென் சொன்னோம்?”

என் பதிலுக்காகக் கீழே ஒரு வரியை விட்டு வைத்திருக்கிறேன். நீங்களே எழுதிவிடுங்கள். அக்கா கண்ணைத் திறந்துகொண்டுதான் காத்திருக்கிறார்.

“…………”