உப்பு டப்பா நகர்ந்த பக்கம்

...ருசி பார்க்காமலே சமைக்கிறவர், ஆவியை வைத்தே உப்பு சொல்லிவிடுவார் என்று அந்தப் பத்திரிகைக்காரப் பெண் எழுதிக்கொண்டே போகிறாள், நான் சூப்பைக் கிளறிக்கொண்டே தலையாட்டுகிறேன், எங்கள் சமையல் மாஸ்டர் இறந்துபோய் மூன்று வாரம் ஆகிறது, இன்று ஓட்டலில் அவர் நினைவாக மதியச் சாப்பாடு. ஆவியாவது மண்ணாவது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு, அது தெரிந்தவள் அவருக்கு அடுத்தபடியாக நின்று சமைத்த நான் ஒருத்திதான், வீட்டுக்காரிக்குக்கூட அவர் மூச்சு விடவில்லை... அவள் போட்டதைச் சாப்பிட்டு நல்லாயிருக்கு என்று எப்படித்தான் சொன்னாரோ? நான் ருசி பார்ப்பேன், உப்பு போதவில்லையென்றால் டப்பாவை அவர் பக்கம் தள்ளுவேன், போதுமென்றால் என் பக்கம் இழுப்பேன், அவர் பானைமேல் குனிந்து கண்ணை மூடுவார், சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், எனக்குச் சிரிப்பு முட்டும். "சிரிச்சே, கரண்டியாலயே ஒண்ணு போடுவேன்" என்பார் உதடு அசையாமல்.

"ஒரே ஒரு நாள் சறுக்கிட்டாராமே மேடம், தட்டெல்லாம் திரும்பி வந்துச்சாமே?" என்கிறாள் பத்திரிகைக்காரி.

அன்றைக்கு எனக்கு ஜலதோஷம். நான் வராவிட்டால் அவர் என்ன செய்வார் என்று வந்தேன், நாக்கு வெறும் கட்டை, எல்லாமே சப்பென்று இருந்தது, டப்பாவைத் தள்ளினேன், மறுபடியும் தள்ளினேன், அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு போட்டார். முதலாளி எல்லார் எதிரிலும் கத்தினபோது, கை தவறிடுச்சு, வயசாச்சுல்ல என்றார், அவ்வளவுதான், வாசலில் இருந்த அவர் படத்தைக் கழற்றிவிட்டார்கள், இன்றைக்குத்தான் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஜலதோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான், ஏன் சொல்லவில்லை, நான் இல்லாமல் ஓடாது என்ற திமிரா... என் மூக்கு சிவந்திருந்தது அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? தெரிந்துமா போட்டார்? இப்போது அந்தப் பழியை நான் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதைச் சொன்னால் டப்பாவையும் சொல்ல வேண்டும், டப்பாவைச் சொன்னால் மாஸ்டரே இல்லை.

"கை தவறிடுச்சும்மா" என்கிறேன். யார் கை என்று அவள் கேட்கவில்லை. காப்பாற்றியது அவரையா, என்னையா... சூப்பை ருசி பார்க்கிறேன், கொஞ்சம் போதவில்லை, கை தானாகவே டப்பாவை அந்தப் பக்கம் தள்ளுகிறது, அது அங்கேயே நிற்கிறது.