உட்கார முடியாத இரண்டு மாதம்

வேகத்தடை வருவதற்கு நாலடி முன்பே ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, உடம்பைச் சீட்டிலிருந்து அரை அங்குலம் தூக்கிக்கொள்வாள். பன்னிரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அந்தத் தடத்தில் மொத்தம் பதினேழு வேகத்தடைகள் என்பது இந்த இரண்டு மாதத்தில்தான் தெரிந்தது.

மாடிப்படியில் சறுக்கி, உட்கார்ந்தவாக்கில் மூன்று படி இறங்கியதில் வந்த வினை. படியில் தண்ணீரைச் சிந்திவிட்டுத் துடைக்காமல் போனவன் கணவன். அன்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அடிபட்ட இடம் வாலெலும்பு என்று மட்டும் சொல்லவில்லை. கை என்றால் நீட்டிக் காட்டலாம். இதை யாரிடம் காட்டுவது? டிப்போவில் தெரிந்தால் மறுநாளே பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், வண்டியையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வீட்டில் நின்றே சாப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, கடைசி நிறுத்தத்தில் சீட்டைவிட்டு எழும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த பெண் மருத்துவர், "எலும்பு முறியல. ஆனா தெனமும் எட்டு மணி நேரம் அது மேலயே உக்காந்து, அத ஆறவே விடாம வச்சிருக்கீங்க" என்றார். பின்பக்கம் வெட்டிவிட்ட மெத்தை போட்டு, சற்று முன்னால் சாய்ந்து தொடையில் பாரத்தை இறக்கி உட்காரச் சொன்னார். எழும்போது முதலில் முன்னே குனிந்து பிறகு எழ வேண்டும். வெந்நீர் ஒத்தடம், இரண்டு வாரம் விடுப்பு.

"வீட்ல சொன்னீங்களா?"

அவள் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டாள்.

கணவன் முடிதிருத்துபவன், நாள் முழுக்க நின்று பிழைப்பவன். அன்று மாலை அவன் கடையிலிருந்து வந்ததும் சொன்னாள். கேட்டுவிட்டுக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"என்கூட உக்காந்து சாப்பிடப் புடிக்காமதான் நீ நிக்கிறன்னு நெனச்சேன். அந்தத் தண்ணிக்காக."

"ரெண்டு மாசமாவா?"

"தங்கச்சிகிட்டகூட கேட்டேன். பேசாம அண்ணி கால்ல விழுந்துடுன்னா."

"விழுந்திருக்கலாமே."

"நான் விழுந்து எந்திரிக்கிறதுக்குள்ள நீ பஸ்ஸ எடுத்துட்டுப் போயிருப்ப."

சிரிப்பு வந்தது. சிரித்தாலும் அங்கேதான் வலித்தது.

பழைய மெத்தையைக் கொண்டுவந்து, அவள் காட்டிய அளவுக்குப் பின்பக்கத்தைக் கத்தரித்தான். மேஜையில் விடுப்பு விண்ணப்பம் கிடந்தது. காரணம் என்ற இடத்தை நிரப்பாமல் வைத்திருந்தாள்.

"காய்ச்சல்னு எழுதிடேன்" என்றான்.

"வேணாம்." வாலெலும்பில் அடி என்று திருத்தமாக எழுதினாள். வண்டி திரும்பக் கிடைக்குமா என்பது திங்கட்கிழமை இதைக் கொடுக்கும்போதுதான் தெரியும்.

தட்டுகளை வைத்தார்கள். அவள் மெல்ல அமர்ந்து, மேஜையில் முழங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். இரண்டு முகங்களும் கிட்டத்தில் வந்தன. அவன் புருவத்தில் யாருடைய நரைமுடித் துணுக்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.