எந்த ஓகே?

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஓகே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் அந்த ரகம்தான்.

மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புக்கான மென்பொருள் எங்களுடையது. மியூனிக்கில் எழுதுகிறார்கள், பெங்களூரில் நாங்கள் சோதிக்கிறோம். சோதனைக் குழுவின் தலைவன் நான், பெயர் ஸ்ரீகண்டன். தமயந்தி என் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். ஆம்பூர்க்காரர், விவேக் நகரில் குடியிருக்கிறார். பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்பதால் ஆறு மாதத் தற்காலிக வேலைதான் கொடுத்திருந்தார்கள். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பதை மியூனிக் மேலாளர் கிளாரா ஒரு வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாக இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு தமயந்தி ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார். மருந்தின் அளவை 2.5 என்று அடித்தால் திரையில் 25 என்று விழுகிறது. நடுவில் இருக்கும் புள்ளியை மென்பொருள் விழுங்கிவிடுகிறது. அதைப் பிழைப் பட்டியலில் பதிந்தார். மியூனிக்கிலிருந்து பதில் வந்தது: எங்கள் நாட்டில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான். அதன் கீழே தமயந்தி எழுதியது ஒரே சொல், ஓகே. வாரக் கடைசியில் பட்டியலைப் பார்வையிட்ட நான் அதற்கும் கீழே இன்னொரு ஓகே போட்டேன். பார்வையிட்டேன் என்பதே மரியாதைக்குச் சொல்வது. நாற்பது வரிகளையும் டீ ஆறுவதற்குள் முடித்தேன். இரண்டு ஓகே விழுந்ததும் பிழை தீர்ந்ததாக அங்கே மூடிவிட்டார்கள்.

பிறகு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில், வேறு நாட்டிலிருந்து வேலைக்குப் போன நர்ஸ் ஒருவர் தன் ஊர்ப் பழக்கத்தில் புள்ளி வைத்து அடித்திருக்கிறார். பம்பை ஓடவிடும் முன் திரையில் 25 என்பதைக் கவனித்ததால் நோயாளி பிழைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் வீடியோ கூட்டம். பிழைக்கு ஓகே சொன்னது யார் என்று கிளாரா கேட்டார். தமயந்தி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"சார், அவங்க எழுதினதப் பாத்துட்டேன்னுதான் ஓகே போட்டேன். அது சரின்னு நான் சொல்லவே இல்ல."

எனக்குப் புரிந்தது. மார்க்கெட்டில் வாங்க வேண்டியதை மனைவி அடுக்கும்போது நான் சொல்லும் 'சரி'யும் அந்த ஓகே மாதிரிதான், காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள். இந்த ஊர்க் கன்னடத்திலும் அப்படித்தான். கிளாராவுக்கு இதை விளக்கியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி இரண்டாவது ஓகேயைப் பற்றித்தான் வரும். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். தமயந்தி என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தார்.

அப்புறம்தான் சொன்னேன். கண்டுபிடித்தவர் அவர், படிக்காமல் மூடவிட்டவன் நான் என்று. அன்று மாலையே அதை எழுதி, தமயந்தியை நிரந்தரமாக்க வேண்டும் என்றும் சேர்த்து கிளாராவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. தமயந்தியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ஒரே சொல்தான் இருந்தது, ஓகே.

அவர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது எந்த ஓகே சார்?"

நான் போனை எடுத்து மியூனிக் எண்ணை அழுத்தினேன்.