புதிய பதிப்புக்கு ஒத்துப்போகும்

"உங்கள் நகரம் மறுபிறவி எடுத்திருக்கிறது" என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி அறிக்கை விட்டது. கடைப் பலகைகளின் எழுத்தைக் கொஞ்சம் சாய்த்திருந்தார்கள். மேகத்துக்கு வேறொரு சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். மறுபிறவி அவ்வளவுதான். ஆனாலும் மறுபிறவி என்றால் யாராவது சாக வேண்டுமே. வெளியாட்கள் செய்து ஒட்டியிருந்த மோடுகள் எல்லாம் ஒரே அடியாகச் செத்துப்போயின.

மோட் என்பது பெரிய சமாசாரம் இல்லை. கம்பெனி கோட்டைவிட்டதை விளையாடுகிறவர்களே இலவசமாகச் செய்து கொடுக்கும் ஒட்டுவேலை. இந்த விளையாட்டு நகரத்தில் மழை பெய்யும். ஜனங்கள் சொட்டச் சொட்ட நனைந்தபடி, சிரித்த முகமாய் ஆபீஸ் போவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காத ஒருவன் அத்தனை பேர் கையிலும் ஒரு குடையைக் கொடுத்தான். அவன் ஒரு வீட்டின் கடைக்குட்டி.

அவனுக்கு மூத்தவள் ஒரு அக்கா, பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். அவளுக்கும் மூத்தவர் ஒரு அண்ணன், குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தம்பியைப் பற்றி அண்ணன் வெளியே சொல்லிக்கொண்டது "சாஃப்ட்வேர்ல பெரிய ஆள்" என்று. ஒருநாள் பெரிய மனிதர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தபோது, "என்ன தம்பி பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டுத் தொலைத்தார். "குடை குடுக்கறேன் சார்" என்றான் அவன். விருந்தாளிகள் போனதும் அண்ணன், "தெண்டச்சோறு!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தம்பி கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

அதன் பிறகு அவன் இருப்பதற்கு ஒரே அத்தாட்சி அந்தக் குடை மோடின் இணையப் பக்கம். கம்பெனி புதுப் பதிப்பு விடும்போதெல்லாம் குடைகள் பேயாட்டம் ஆடும். ஒருமுறை தலைகீழாக விரிந்து தண்ணீர் பிடித்தன. இன்னொரு முறை ஆட்களை விட்டுவிட்டுக் குடைகள் மட்டும் ஆபீஸ் போயின. சில நாளில் தம்பி சரிசெய்துவிடுவான். பக்கத்தின் தலையில் பச்சை எழுத்து வரும்: 'புதிய பதிப்புக்கு ஒத்துப்போகும்.'

அக்கா அந்த விளையாட்டை ஒருநாளும் ஆடியதில்லை. பச்சை எழுத்தைப் பார்த்தால் அவளுக்குப் போதும். இருக்கிறான், சாப்பிடுகிறான், கரண்ட் பில் கட்டுகிறான். அங்கேயே இரண்டு வரி எழுதிக் கேட்கலாம்தான். கேட்டால் இந்த ஜன்னலையும் சாத்திவிடுவானோ என்று பயம்.

மறுபிறவிக்குப் பிறகு பச்சை எழுத்து வரவில்லை. வாரங்கள் போயின. ஓசிக் குடை வாங்கியவர்கள் அந்தப் பக்கத்துக்கு வந்து வாடகை வீட்டுக்காரரைத் திட்டுவதுபோலத் திட்டினார்கள். "பொறுப்பில்லாதவன்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அக்கா டோக்கன் கொடுப்பதும் பக்கத்தைத் திறப்பதுமாக இருந்தாள். மாதங்களும் போயின.

ஒரு காலையில் பச்சையாக வந்தது.

"டாக்டர், வந்திடுச்சு!"

"எது, பல்லா?" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பச்சை எழுத்துக்குக் கீழே வேறு யாருடைய பெயரோ இருந்தது. 'பழைய ஆசிரியரிடமிருந்து எந்தப் பதிலும் இல்லை. தளத்தின் விதிப்படி மோடை நான் பொறுப்பேற்றுச் சரிசெய்துவிட்டேன். குழப்பம் வேண்டாமென்று பழைய பக்கம் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் இந்தப் பக்கம் வைக்கப்பட்டுள்ளது. இனிக் கவலை இல்லை நண்பர்களே!'

மதியம் அண்ணன் வந்து நின்றார். ஆபீஸ் நேரத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கன்னம் வீங்கிய ஒருவர் தன் இடத்தைக் காலிசெய்து கொடுத்தார்.

"என்னண்ணா, பல்லா?"

"பல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கத்தைக் காணோம்."

"எந்தப் பக்கம்?"

"குடைப் பக்கம்தான். நான் போட்ட விண்ணப்பம் எல்லாம் அதுலதான் இருந்துது."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "'மேற்படி குடைகள் பழுதடைந்துள்ளதைத் தங்கள் மேலான கவனத்திற்கு'ன்னு ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் எழுதுவானே, நலம்விரும்பின்னு... அது நீங்களா? யாரோ கழண்ட கேஸுன்னு நெனச்சேன்!"

"அவனுக்குத் தெரியும் நான்தான்னு. 'விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் போடுவான். என்னையே நக்கல் பண்றான், ராஸ்கல்." சொல்லும்போது பதவி உயர்வு வந்தவர்போல இருந்தார். பிறகு, "இந்தத் தடவை போடல," என்றார்.

"வேலையில மாட்டியிருப்பான்ணா."

"உடைஞ்சு கிடந்தா வருவான்ல? அவனால பொறுத்துக்க முடியாது. இப்பதான் எவனோ சரிபண்ணிட்டானே, இனி எதுக்கு வருவான்?"

அண்ணன் அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, புது ஆசிரியருக்கு ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார்: 'தாங்கள் செய்துள்ள பழுதுநீக்கத்தை உடனடியாகத் திரும்பப் பெற்று, மேற்படி மோடினை மீண்டும் பழுதடைந்த நிலையிலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அவருடைய உத்தியோகத்தில் அவர் எழுதிய விநோதமான விண்ணப்பம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு சொத்தைப் பல் உள்ளே போய் வெளியே வருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'சார், கிண்டல் பண்றீங்களா? இத்தனை பேர் காத்திருந்து வாங்கியிருக்காங்க. உங்களுக்காக ஊரே நனையணுமா?'

"நியாயமாத்தான் கேக்கறான்," என்றாள் அக்கா மெதுவாக.

அண்ணன் மேற்படியையும் மேலான கவனத்தையும் தேடவில்லை. 'இதைச் செய்தவன் என் தம்பி' என்று மட்டும் அடித்தார்.

'அப்படியா! சார், அவர் எழுதின புரோகிராமைப் பிரிச்சுப் பார்த்துட்டு அசந்துட்டேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் குடை சாயுது. இவ்வளவு யாரும் மெனக்கெட மாட்டாங்க. இதை நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க சார்.'

அண்ணன் அதை இரண்டு தரம் படித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'கண்டிப்பாகச் சொல்கிறேன்' என்று அடித்தார். அனுப்பிவிட்டு, எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னம் வீங்கியவர் தன் டோக்கனைக் காட்டினார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பொறுக்கும்படி கையால் சைகை செய்தாள்.