இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகப் பகல் சாப்பாடு சாப்பிட முடியாது. சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து, மேசையின் அந்தப் பக்கம் இருக்கும் லெப்டொப் திரையில் ஓர் ஆட்டின் குடல் விரியும். என் மனைவி நஸ்லியா மிருக வைத்தியர். தமிழ் பேசும் மிருக வைத்தியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இணைய வகுப்புக்கு அவள் ஒரு வாரமும் தவறியதில்லை. "பட்டம் எடுத்ததோட படிப்ப விட்ட டொக்டர், திகதி முடிஞ்ச மருந்து மாதிரி" என்பாள். நான் மின்சாரச் சாமான் விற்கிறவன். எனக்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. ஆகவே குடலைப் பார்த்துக்கொண்டே இறைச்சிக் கறி சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

அக்குறணையில் நாய் வளர்ப்பவர்கள் குறைவு. அவளுடைய சின்னக் கிளினிக்குக்கு வருவதெல்லாம் பூனையும் ஆடும்தான். தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் மாடு. மற்ற ஊர் வைத்தியர்கள் தாங்கள் பார்த்த நோய்களை வீடியோவோடு விளக்கும்போது, இவள் திரையின் ஓரத்துச் சதுரத்திலிருந்து குறிப்பெடுப்பாள். கேட்பவருக்கு ஒரு புள்ளி, வகுப்பு எடுப்பவருக்கு ஐந்து புள்ளி, வருடக் கடைசியில் சான்றிதழ். புள்ளியை விட, தன் முகம் ஒருநாள் பெரிய சதுரத்தில் வர வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த ஆசைக்கு மடுல்கெல்லையில் ஒரு மாடு கிடைத்தது.

அழைத்தவள் கலாராணி. கொழுந்து பறிக்கிறவள். அவளும் புருஷன் கணேசும் வளர்த்த ஒரே மாடு தண்ணீர் குடிக்கவில்லை, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிகிறது என்றாள். கடை வேனில் நான்தான் நஸ்லியாவைக் கூட்டிப் போனேன். தோட்டக்காரர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், ஆனைக்கொய்யா, அதாவது அவகாடோ மரத்தடியில் மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. எதையோ விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. கத்தியபோது தொண்டை கட்டிய கிழவனின் குரல் வந்தது.

"ஆனைக்கொய்யாக் கொட்டைய முழுங்கிருச்சுங்க டொக்டரம்மா. அந்த மரத்துக்கு அடியிலதான் மேஞ்சுச்சு" என்றாள் கலாராணி.

நஸ்லியா முழங்கை வரை நீளும் கையுறையைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். மாடு தலையை ஒரு வீசு வீசியது. அவள் சேற்றில் வழுக்கி என் மேல் வந்து விழுந்தாள். நான் சிரித்துவிட்டேன், கலாராணியும் சிரித்தாள். "புது ஆளுன்னா விடாதுங்க. நான் கைய விட்டுப் பாக்கிறேன். என் கைய அது கடிக்காது."

அப்படித்தான் நடந்தது. கணேஸ் கயிற்றை இழுத்துப் பிடித்தான். நான் டோர்ச் அடித்தேன். கொழுந்துச் செடி கீறிக் கீறிக் காய்த்துப் போன கையை கலாராணி மாட்டின் வாய்க்குள் விட்டாள். நஸ்லியா போனை எடுத்தாள். "வகுப்புக்குக் காட்டப் போறேன் கலாராணி. டொக்டர்மாரெல்லாம் பாப்பாங்க" என்றாள். கலாராணி மற்றக் கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

கொட்டை அகப்படவில்லை. நஸ்லியா ஓர் ஊசி போட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் மாடு செத்துப்போனது. போனில் கலாராணி அழுதபோது நஸ்லியாவும் அழுதாள். கொட்டை இன்னும் கீழே இறங்கிக் குத்தியிருக்கும் என்று ஆறுதல் சொன்னாள். அவர்கள் மாட்டை ஆற்றோரத்தில் புதைத்தார்கள். அவள் அந்த வீடியோவை வைத்து 'தொண்டை அடைப்பு' என்று ஒரு வகுப்பு தயாரித்தாள். அதற்கு மூன்று வாரம் பிடித்தது.

வகுப்பு நாளன்று நான் கடையிலிருந்து வட்ட விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். கல்யாணத்தன்று கூட அவள் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்ததில்லை என்று சொல்லி அவளிடம் ஓர் அடியும் வாங்கினேன். மற்றப் போனை வைத்துக்கொண்டு, பார்ப்பவர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளை எடுத்துச் சொல்வது என் வேலை. வெளியே மழை பிடித்திருந்தது. வகுப்பை நடத்துபவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ராஜரத்தினம் ஐயா. ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுவார். "ஓம் பிள்ளை, தொடங்குங்கோ" என்றார்.

அவள் நன்றாகப் பேசினாள். வீடியோ ஓடியபோது பெருவிரல்களும் கைதட்டல்களும் என் போனில் மேலே மேலே பறந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒருவர் எழுதினார்: மாடு என்ன ஆனது? நான் வாசித்தேன். செத்துவிட்டது என்றாள். இன்னொருவர்: குரல் மாறியிருந்ததா? ஓம் என்றாள். வேறொருவர்: பின்னங்கால் தள்ளாடியதா? அவள் யோசித்து, "சேறு எண்டு நெனச்சேன்" என்றாள். அந்தப் பகுதியில் நாய் பிரச்சினை உண்டா என்று அடுத்தவர் கேட்டார். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் கடையில் நாலு பேர் ஒரே சாமானின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், அதில் கோளாறு இருக்கிறது என்று தெரியும். கைதட்டல் நின்றுபோயிருந்தது. அடுத்து வந்ததை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை, போனை அவள் பக்கம் திருப்பினேன்.

'சுட்டிக்காட்டும் கையில் கையுறை இருக்கிறது. உள்ளே போகும் கையில் இல்லை.'

"பிள்ளை, வீடியோவைச் சத்தத்தோட இன்னொருக்கால் போடுங்கோ" என்றார் ராஜரத்தினம் ஐயா.

அவள் போட்டாள். இப்போது யாரும் மாட்டைப் பார்க்கவில்லை. நீலக் கையுறை விரல் ஒன்று ஓரத்திலிருந்து நீண்டு வழி காட்டியது. நஸ்லியாவின் குரல்: "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு, கலாராணி. எடது பக்கம்." கலாராணியின் குரல்: "பல்லு கீறிருச்சுங்க." "கூடவா?" "இல்லைங்க, லேசாத்தான்." "அப்ப இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு."

வட்ட விளக்கின் வெளிச்சத்தில் என் மனைவியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஐயா கேட்டார்: "நாய் கடிச்சதோ எண்டு கேட்டனீங்களோ பிள்ளை?"

"ஒருத்தரும் சொல்லல்ல சேர்."

"ஒருத்தரும் சொல்லாயினம். நாங்கள்தான் கேக்க வேணும். இது விசர், ரேபீஸ் போலதான் கிடக்கு. வகுப்பை இதோட நிப்பாட்டுவம். அந்த அம்மாவின்ர நம்பர் இருக்கோ?"

கலாராணியின் போன் அடிக்கவேயில்லை. மழைக்கு அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது. நாங்கள் வேனை எடுத்தோம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும் வரை அவள் அந்த நம்பரையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். வத்தேகமையில் பஸ் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது நான் கேட்டேன்: "மாட்டுக்கும் விசர் வருமா?"

"வரும். விசர் நாயோ கீரியோ கடிச்சிருக்கும். தொண்டை இழுத்துப் பிடிச்சிக்கும், அதுதான் எச்சில் வடியும். எல்லாரும் தொண்டையில கொட்டை சிக்கின எண்டு நெனச்சி கைய விடுவாங்க. இத நான் படிச்சி ஈக்கிறேன், பவாஸ். பரீட்சையில எழுதியும் ஈக்கிறேன்."

"அப்ப கலாராணிக்கு?"

"அடையாளம் தொடங்கல்ல எண்டா ஊசி காப்பாத்தும். இப்ப போட்டாலும் காப்பாத்தும்."

"தொடங்கினா?"

"மருந்தில்ல. ஒலகத்துல எங்கயும் இல்ல." கொஞ்ச தூரம் போனபின் தானாகவே சொன்னாள்: "மொதல்ல கீறின எடம் கூசும். எறும்பு ஊர்ற மாதிரி ஈக்கும். பொறகுதான் தண்ணி எறங்காது."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை என்பார்கள். எங்கள் மாடு மண்ணுக்குள் போய்விட்டது, பிடிக்க வாலும் இல்லை. இப்படி ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைப்பவன் நான். அன்றைக்கு முடியவில்லை. வைப்பர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

பன்வில தாண்டி ஏறும்போது அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படிக்கிற காலத்துலயே எங்களுக்கு அந்த ஊசி போட்டுட்டாங்க. எனக்கு ஒண்டும் ஆகாது. என்ட கைதான் போயிருக்கணும்."

"மாடு ஒங்கள கிட்ட எடுக்கல்லயே."

"கையுறையயாச்சும் கழட்டிக் கொடுத்திருக்கலாம். அது என்ட கையில சும்மாதான் ஈந்திச்சு."

நான் கியரை மாற்றி வேனை மேட்டில் ஏற்றினேன்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டு, வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கதவைத் திறந்தது கலாராணியேதான். சிரித்த முகம். "என்னங்க டொக்டரம்மா, சொல்லாமக் கொள்ளாம. வாங்க, உள்ள வாங்க." எனக்கு மூச்சு திரும்பி வந்தது. நஸ்லியா ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னாள். மாட்டுக்கு வந்தது கெட்ட வியாதியாக இருக்கலாம், இன்றைக்கே கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், கயிறு பிடித்த கணேசும் வர வேண்டும் என்றாள்.

கலாராணி பயப்படவில்லை. எங்களைக் கதிரையில் உட்கார வைத்துப் பிளேன்டீ கொண்டுவந்தாள். அவளும் ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தாள். நஸ்லியா தன் கோப்பையைத் தொடவில்லை, கலாராணியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் இறங்கியது. இன்னொரு மிடறும் இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் மனைவி வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. பாவி மனம், அந்த நேரத்தில் எனக்குப் பசி கூட எடுத்தது.

"சேலை மாத்திட்டு வந்துர்றேங்க" என்று எழுந்தவள் கோப்பையை இடது கையால் வைத்தாள். வலது கையைக் கதவு நிலையில் மேலும் கீழும் உரசினாள்.

"கைக்கு என்ன?" என்றாள் நஸ்லியா.

"ஒண்ணுமில்லைங்க. முந்தா நேத்துலயிருந்து மதமதன்னு இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி. குளிருக்கு அப்பிடித்தான் வரும்ங்க."

நஸ்லியா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. எழுந்து போய் அந்தக் கையை வாங்கித் திருப்பினாள். கீறல் ஆறி, வெள்ளைக் கோடாக இருந்தது. "டக்கெண்டு மாத்திட்டு வாங்க, கலாராணி" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவ்வளவு தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

கணேஸ் முன்னால் என் பக்கத்தில் ஏறினான். பின்னால் அவர்கள் இருவரும். கலாராணி டவுனுக்குப் போகிற சேலை கட்டி, பவுடர் போட்டிருந்தாள். இறக்கத்தில் சிக்னல் வந்ததும் நஸ்லியாவின் போன் சிணுங்கியது. வகுப்பு எடுத்ததற்கு ஐந்து புள்ளி சேர்த்தாயிற்று என்ற தானியங்கிச் செய்தி. அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"ஊசி போட்டா இந்த எறும்பு போயிருமாங்க?" என்று கலாராணி கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில பாப்பாங்க."

வளைவில் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். நஸ்லியா அந்தக் கையை விடாமல் இரண்டு கையாலும் பொத்தி மடியில் வைத்திருந்தாள்.

"கிளாஸுல என்னையக் காட்டுறேன்னு சொன்னீங்களே டொக்டரம்மா. காட்டிட்டீங்களா?"

"காட்டிட்டேன்."

"டொக்டர்மாரு எல்லாம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க, கலாராணி. எல்லாரும் ஒங்கட கையத்தான் பாத்தாங்க."

கலாராணிக்கு வெட்கம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையை மெதுவாக உருவி எடுத்து, சீட்டின் விளிம்பில் தேய்க்கத் தொடங்கினாள்.